விண்டோஸ் எழும்பாத கணினியிலிருந்து கோப்புகளை எடுக்க எந்த வழி நல்லது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு மாமா தன் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வாசலில் நின்றார். சிங்கப்பூர் ஈசூனில் இந்தப் புளோக்கில் பல வருடமாக எதிரெதிர் வீடு, இருந்தாலும் இப்படி விடிந்ததும் கதவைத் தட்டுகிற ஆள் இல்லை அவர். "தம்பி, இரண்டு நாளா நீலத் திரையிலேயே நிக்குது. கணினி போனா போகட்டும். உள்ளே உங்க மாமி குரல் இருக்கு, அதை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்றார். மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாமி இறந்து மூன்று வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகளுக்காக மாமி கதை வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருந்தன, வேறு நகல் கிடையாது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வேறொரு டிஸ்க்கிலிருந்தோ தம்ப் டிரைவிலிருந்தோ கணினியை எழுப்பி உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க எதைப் பயன்படுத்துவது? விண்டோஸ் டிஸ்க்கா, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமா, ஹைரன்ஸ் மாதிரி தயாராகக் கிடைக்கும் தொகுப்பா, அல்லது டிரைவையே கழற்றி வேறு கணினியில் செருகிவிடலாமா? சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் செய்து கொடுத்ததில் இந்த நான்கையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். எந்தக் கருவி பெயர்பெற்றது என்று பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறாகிறது. டிரைவ் நலமாக இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கணினி எழும்பவில்லை என்றால் அநேகமாகக் கெட்டுப்போயிருப்பது விண்டோஸ். உங்கள் கோப்புகள் அதே டிரைவில் அப்படியேதான் இருக்கும். வேறொரு டிஸ்க்கிலிருந்து வேறொரு இயங்குதளத்தை நினைவகத்துக்குள் ஏற்றிவிட்டால், உள்ளே இருக்கும் டிரைவ் வெறும் ஒரு அலமாரி, திறந்து எடுத்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் குனாப்பர் வெளியிட்ட குனாப்பிக்ஸ்தான் ஒரே சிடியிலிருந்து முழு லினக்ஸையும் ஓடவிடும் வழக்கத்தைப் பரவலாக்கியது, அப்போது எல்லாமே 700 எம்பிக்குள் அடங்கியது. இப்போது விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு 5 ஜிபியைத் தாண்டுகிறது, 4.7 ஜிபி டிவிடியில் ஏறாது. அதனால் டிஸ்க் என்று நான் சொல்வதைப் பெரும்பாலும் 8 ஜிபி தம்ப் டிரைவ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடி டிரைவ் உள்ள பழைய மேசைக்கணினியாக இருந்தால் லினக்ஸின் ஒரு வகையான, சுமார் 3 ஜிபி உள்ள லினக்ஸ் மின்ட்டை டிவிடியில் எரித்தும் எழுப்பலாம், மெதுவாக ஓடும், ஆனால் ஓடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மடிக்கணினியோடு கொடுத்த ரிக்கவரி டிஸ்க் என்று ஒன்று சிலர் வீட்டு இழுப்பறியில் கிடக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பல கணினியை வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திருப்பிவிடும், அதாவது டிரைவில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு. கோப்பை எடுக்க வந்த நேரத்தில் அதைச் செருகிச் சம்மதம் கொடுத்தால் கதை முடிந்தது.

சரி, டிரைவ் நலமா என்று எப்படிப் பார்ப்பது? சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் காதை வைத்துக் கேளுங்கள். ஒரே சீராக டிக், டிக் என்று தட்டும் சத்தம், அல்லது சுழலத் தொடங்கி நின்று மறுபடி தொடங்குவது, இவை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இனிமேல் அதை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் மிச்சமிருக்கும் தரவைத் தின்னும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் சத்தம் வராது. பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) ஒருமுறை தெரிந்து மறுமுறை தெரியாமல் போவது, சின்னக் கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் எடுப்பது, இவைதான் அதன் அறிகுறி. இந்த நிலையில் இருக்கும் டிரைவுக்குக் கீழே வரும் முதல் மூன்று வழியும் பொருந்தாது, கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது பூட்டு. நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. விண்டோஸில் பிட்லாக்கர் என்று ஒன்று இருக்கிறது, டிரைவ் முழுவதையும் மறைக்குறியாக்கிவிடும். அலுவலகக் கணினியில்தானே இதெல்லாம் என்று நினைப்பார்கள். இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கிய வீட்டு மடிக்கணினிகள் பலவற்றிலும் இது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் இன்னும் அதிகக் கணினிகளில் அப்படி. தினமும் பயன்படுத்தும்போது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கணினிக்குள் இருக்கும் டிபிஎம் சில்லு வழக்கமான முறையில் விண்டோஸ் எழும்புவதைப் பார்த்துவிட்டுச் சாவியைத் தானே கொடுத்துவிடும். நீங்கள் தம்ப் டிரைவிலிருந்து எழுப்பினால் அந்த வழக்கம் மாறிவிடுகிறது, சில்லு சாவியைக் கொடுக்காது. எந்தக் கருவியைப் போட்டாலும் பூட்டுப் படம்தான் தெரியும். லினக்ஸ் போட்டால் பூட்டை உடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திறக்க வேண்டியது 48 இலக்க மீட்புச் சாவி. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு ஆறிலக்கத் தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள், அதனால் ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் எந்தத் தொகுதியில் தவறு என்று கண்டுபிடித்துவிடலாம். காகிதத்தில் எழுதி வைத்தது மங்கி 3ஆ 8ஆ என்று குழம்பினால் கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள், நான் ஒருமுறை அப்படித்தான் சரி செய்தேன். சாவி எங்கே இருக்கும்? வீட்டுக் கணினி என்றால் அதை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில், கைப்பேசியில் நுழைந்து சாதனங்கள் பக்கத்தில் பார்க்கலாம். முதன்முதலில் அமைத்தவர் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் அப்பாவின் கணினியை மகன் அமைத்துக் கொடுத்திருப்பான், மகள் தன் கணக்கைப் போட்டிருப்பாள், அப்பாவின் கணக்கில் தேடினால் கிடைக்காது. அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கும் கற்றல் கருவி என்றால் நீங்களாக எதையும் எழுப்பிப் பார்க்காமல் பள்ளியிடம் கொடுப்பதுதான் சரி, அவற்றைப் பள்ளியின் நிர்வாக மென்பொருள் கட்டுப்படுத்துகிறது.

சாவி கையில் வரும்வரை பயாஸ் அமைப்பில் எதையும் மாற்றாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பை அணைப்பது, சேமிப்பக முறையை மாற்றுவது போன்றவை சில்லுக்குச் சந்தேகத்தைக் கிளப்பும், நாளை விண்டோஸ் சரியானாலும் அதுவும் சாவி கேட்கும்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது விண்டோஸின் சொந்த மீட்புச் சூழல். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி தம்ப் டிரைவில் போட்டு, அதிலிருந்து எழுப்பி, நிறுவு என்பதைத் தொடாமல் பழுதுபார் என்ற வழியில் போனால் கட்டளைச் சாளரம் கிடைக்கும். நிறுவல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினாலும் அதே சாளரம் வரும். இதன் பெரிய பலம், பிட்லாக்கர் இதன் சொந்தப் பிள்ளை. மேனேஜ்-பிடிஇ கட்டளையில் சாவியைக் கொடுத்தால் எந்தத் தகராறும் இல்லாமல் திறக்கும். விண்டோஸ் கோப்பு முறையும் இதற்குத் தாய்மொழி.

ஆனால் முதல்முறை பார்ப்பவரைப் பயமுறுத்தும் ஒன்று உண்டு. சாளரம் திறந்ததும் எக்ஸ் டிரைவ் என்று நிற்கும், அது நினைவகத்தில் ஓடும் தற்காலிக டிரைவ். சி டிரைவ் என்று அடித்துப் பார்த்தால் காலியாகவோ வேறு ஏதோவாகவோ இருக்கும், அப்போது பலருக்கும் எல்லாம் அழிந்துவிட்டது என்று நெஞ்சு பதறிவிடும். அழியவில்லை. மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், உங்கள் சி இப்போது டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். டிஸ்க்பார்ட் என்ற டிரைவ் பிரிக்கும் கருவியில் வால்யூம் பட்டியலைக் கேட்டு, அளவை வைத்து அடையாளம் காணுங்கள், அதோடு அந்தக் கருவியிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், அதில் ஒரு தவறான கட்டளை டிரைவையே துடைத்துவிடும். கட்டளை அடிக்க விருப்பமில்லை என்றால் நோட்பேடைத் திறந்து, கோப்பைத் திற என்ற பெட்டியில் எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொல்லி, அங்கேயே வலது சொடுக்கு நகல், ஒட்டு என்று எடுக்கலாம். பத்து இருபது கோப்புக்கு அது போதும். நூறு ஜிபிக்கு ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை வேண்டும். அதில் மறக்கக்கூடாதது, ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் அது இயல்பாகப் பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு விநாடி என்று நீங்களே குறித்துக்கொடுக்காவிட்டால் ஒரே ஒரு கெட்ட கோப்பில் இரவு முழுக்க நின்றிருக்கும்.

தமிழ்க்காரர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. தமிழில் பெயர் வைத்த கோப்புகளைக் கட்டளைச் சாளரம் கட்டம் கட்டமாகக் காட்டும், எழுத்துருவில் தமிழ் இல்லாததுதான் காரணம். நகலெடுத்தால் பெயர் கெடாமல் வரும், ஆனால் எது எது என்று பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாது. முழு ஃபோல்டராகவே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது லினக்ஸ். எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் சொல்கிறேன். லினக்ஸ் மின்ட்டை ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருளை வைத்து தம்ப் டிரைவில் போட்டு எழுப்பினால் நேராக ஒரு மேசைத்திரை வரும், கணினியில் எதையும் நிறுவாது. திரையில் நிறுவு என்று ஒரு சின்னம் இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கம் டிரைவின் அளவு தெரியும், சொடுக்கினால் உள்ளே யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் எல்லாம். படங்கள் சின்னதாகத் தெரியும், பாட்டைப் போட்டுக் கேட்கலாம், தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே தெரியும். எடுத்தது சரியாகத் திறக்கிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட முடிகிறது. மாமி குரல் மாதிரி ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்கு அந்த வசதி பெரிய ஆறுதல். விண்டோஸ் பயனர் அனுமதிகளை லினக்ஸ் பொருட்படுத்தாது, அதனால் உங்களுக்கு அனுமதி இல்லை என்ற தகராறும் வராது.

குறைகளும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, கணினியை அணைத்தாலும் அது பாதி உறக்கத்தில்தான் போயிருக்கும். அந்த நிலையில் இருக்கும் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். மறுத்தால் வற்புறுத்தித் திறக்க வழி சொல்லும் கட்டளைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அவற்றில் சில உறக்கக் கோப்பை அழித்துவிட்டுத் திறப்பவை. அதற்குப் போகாமல் டெர்மினலில் படிக்க மட்டும் என்று குறிப்பிட்டு மவுண்ட் செய்து, அதாவது டிரைவை இணைத்துப் பாருங்கள். நமக்கு எழுத வேண்டிய தேவையே இல்லையே. பிட்லாக்கர் பூட்டிய டிரைவையும் இப்போது லினக்ஸ் திறக்கும், பூட்டிய டிரைவைத் திறக்கும் லினக்ஸ் கருவியான கிரிப்ட்செட்டப்பின் 2020இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து அந்த வசதி சேர்ந்தது, 48 இலக்கத்தை நடுக்கோடுகளோடு அடித்தால் போதும். மிகப் பழைய லினக்ஸ் டிஸ்க்கை எடுத்துவந்து திறக்கவில்லையே என்று வருந்தாதீர்கள், புதியதை இறக்குங்கள்.

தமிழ் ஆவணங்கள் பற்றி ஒரு வார்த்தை, இது எந்த வழியில் போனாலும் பொருந்தும். 2000களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பல இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்காது. டிஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு குறியீட்டில் எழுதிய காலம் அது. இந்த ஊரிலேயே நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இணையத்தில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள், 1997இல் தமிழ்நெட் மாநாடு நடந்ததும் சிங்கப்பூரில்தான். அந்தக் காலத்து ஆவணத்தை மட்டும் எடுத்துவந்து புதுக் கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்தும் குறியீடுமாகக் குழம்பித் தெரியும். ஆகவே ஆவணங்களோடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் பழைய எழுத்துரு இப்போது வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். ஆசிரியர், எழுத்தாளர், கோயில் செயலவையில் இருப்பவர் யாருடைய கணினியைத் தொட்டாலும் நான் இதை முதலில் எடுத்துவிடுவேன்.

மூன்றாவது, ஹைரன்ஸ் பூட்சிடி பிஇ. முன்பு இருந்த ஹைரன்ஸ் 2012இல் 15.2 பதிப்போடு நின்றுபோனது. இப்போது கிடைப்பது ஆர்வலர்கள் விண்டோஸின் சிறு வடிவமான விண்டோஸ் பிஇ மீது கட்டியது, எழுப்பினால் நமக்குப் பழகிய விண்டோஸ் மாதிரியே மேசைத்திரையும் எக்ஸ்ப்ளோரரும் வரும். லினக்ஸ் என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு இது நல்லது. எனக்கு இதில் ஒரு தயக்கம்தான்: உள்ளே டிரைவைத் துடைக்கும், பகுதி பிரிக்கும் கருவிகள் எல்லாம் ஒரு சொடுக்கு தூரத்தில் இருக்கின்றன, பதற்றத்தில் இருப்பவர் கைக்கு அது ஆகாது. இறக்குவதாக இருந்தால் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், அதே பெயரில் வேறு இடங்களில் கிடைப்பதைத் தொடாதீர்கள்.

நான்காவது, டிரைவைக் கழற்றுவது. மடிக்கணினிக்கு மின்சாரமே ஏறவில்லை, தாய்ப்பலகை போய்விட்டது என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது, இது ஒன்றுதான் வழி. பழைய 2.5 அங்குல டிரைவுக்கு சாட்டா-யூஎஸ்பி கேபிள், புதிய சூயிங்கம் வடிவ எஸ்எஸ்டிக்கு எம்.2 உறை. எம்.2 வாங்கும்போது உங்களுடையது என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டுக்கும் உறை வேறு, இரண்டையும் ஏற்கும் உறையும் கிடைக்கும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் எந்தத் தளத்தில் ஏறினாலும் கிடைக்கும், சில பத்து வெள்ளிக்குள் முடியும். டிரைவையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குவது நல்லது. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் எஸ்எஸ்டியைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், அதில் இந்த வழி மூடிவிடும்.

கழற்றிச் செருகியதும் இரண்டு விஷயம் வரும். பிட்லாக்கர் இங்கேயும் சாவி கேட்கும், இடம் மாறியதால் பூட்டு திறந்துவிடாது. பூட்டு இல்லாவிட்டாலும் புதுக் கணினியின் விண்டோஸ் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் போக அனுமதி கேட்கும், தொடர் என்று அழுத்தினால் அது அத்தனை கோப்பின் அனுமதியையும் மாற்றி எழுத ஆரம்பிக்கும். நலமான டிரைவில் அது பரவாயில்லை. நலிந்த டிரைவில் அந்த எழுதும் வேலையே சுமை, அங்கேயும் லினக்ஸில் செருகுவதையே விரும்புவேன். அதோடு, செருகியதும் டிரைவில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்டிஸ்க் கோப்பு முறையை ஒழுங்குபடுத்தும் கருவி, ஒழுங்குக்காக உங்கள் கோப்பைத் துண்டாக்கவும் தயங்காது.

தம்ப் டிரைவிலிருந்து எழுப்பிவிட்டீர்கள், ஆனால் உள் டிரைவே பட்டியலில் இல்லை என்றால் டிரைவ் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கும், அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸ் நிறுவல் டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி இன்னொரு தம்ப் டிரைவில் வைத்து ஏற்றலாம். லினக்ஸில் விஎம்டிக்கு டிரைவர் ஏற்கெனவே உண்டு, ஆனால் பழைய ரெய்டு முறையில் வைத்திருக்கும் கணினிகளில் அங்கேயும் டிரைவ் தெரியாமல் போகும். பயாஸில் சேமிப்பக முறையை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும், கோப்புகளை எடுத்ததும் பழையபடி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பாது. சாவி கையில் இல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள் என்று முன்பு சொன்னது இதற்காகவும்தான்.

இன்னொன்று, மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ். டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் பலருக்கு ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். பட்டியலில் பெயர் தெரியும், நகலெடுத்தால் பிழை வரும், ஏனென்றால் அந்தக் கோப்பு டிரைவில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. கைப்பேசியில் ஒன்டிரைவைத் திறந்து முதலில் பார்த்துவிடுங்கள், சிலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. 2020இல் வந்த எம்1க்குப் பிறகான மேக்கில் மீட்புத் திரைக்குள் போய் டிஸ்க்கைப் பகிர்வது என்ற வசதியில் இன்னொரு மேக்கோடு கேபிளால் இணைத்து எடுப்பதுதான் வழி.

இப்போது தட்டும் சத்தம் கேட்ட டிரைவுக்கு வருகிறேன். அதில் உள்ளது உங்களுக்கு உயிர் என்றால் நீங்களாக எதையும் செய்யாதீர்கள், தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள், கணினி பழுதுபார்க்கும் கடையிடம் கொடுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு தொழில். என் நண்பர் ஒருவர் மகளின் பிறந்தநாள் படங்கள் இருந்த மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்தார், கணினி எழும்பவில்லை என்று மட்டும் சொன்னார், மாலையில் பளபளவென்று புது விண்டோஸோடு திருப்பிக் கொடுத்தார்கள். படங்கள் போயே போய்விட்டன. கடைக்காரருக்குக் கணினியை எழுப்புவதுதான் வேலை, அதை அவர் செய்தார். கொடுக்கும்போதே தரவு வேண்டும், ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தட்டும் சத்தம் இல்லை, அங்கங்கே படிக்க முடியாத பகுதிகள் மட்டும்தான் என்றால் சிஸ்டம்ரெஸ்கியூ என்ற லினக்ஸ் டிஸ்க்கில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும், எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும், அதனால் டிரைவ் சூடானால் நிறுத்தி ஆறவைத்துத் தொடரலாம். முழு டிரைவின் நகலை இன்னொரு டிரைவில் எடுத்துவிட்டு, பிறகு அந்த நகலில் கோப்பைத் தேடுங்கள். மூலமும் நகல் போகும் டிரைவும் மாறிவிட்டால் எல்லாம் போச்சு, அந்த ஒரு வரியை மூன்று முறை படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

மாமாவின் கணினிக்கு நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். எஸ்எஸ்டி, பயாஸில் ஒழுங்காகத் தெரிந்தது, கழற்றத் தேவையில்லை. தேட வேண்டியவை தமிழ்ப் பெயர் வைத்த ஒலிக்கோப்புகள், கேட்டுப் பார்த்து எடுக்க வேண்டும், அதனால் கட்டளைச் சாளரம் வேண்டாம், லினக்ஸ் மின்ட். எஃப்12 தட்டி எழுப்பினேன், டிரைவ் தெரிந்தது, பக்கத்தில் பூட்டு. மாமாவின் கணக்கில் சாவி இல்லை. மெல்பர்னில் இருக்கும் அவர் மகள்தான் கணினியை அமைத்துக் கொடுத்தவள் என்பது பத்து நிமிடம் பேசிய பிறகு நினைவுக்கு வந்தது. அவளைக் கைப்பேசியில் கூப்பிட்டோம். அவள் ஆறு ஆறு எண்ணாகச் சொல்ல, மாமா நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, எழுதியதைத் திரும்பச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார், வகுப்பில் சொல்வதெழுதுதல் கொடுப்பது போலவே. ஐந்தாவது தொகுதியில் ஓர் எண் விட்டுப்போயிருந்தது, திருத்தினோம். அடித்து எண்டர் தட்டியதும் பூட்டுப் படம் மறைந்து ஃபோல்டர்கள் வரிசையாக விரிந்தன.

'மாமி கதை' என்ற ஃபோல்டரில் 63 கோப்புகள் இருந்தன. விண்டோஸும் லினக்ஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் தயாராக வைத்திருந்த வெளி டிரைவுக்கு அதை மட்டும் முதலில் எடுத்தேன், மற்ற 180 ஜிபி பிறகு நிதானமாகப் போகட்டும் என்று. எடுத்து முடிந்ததும் வெளி டிரைவிலிருந்தே முதல் கோப்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம், அப்புறம் மாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சாம்" என்று தொடங்கினார். மாமா அந்தக் கதை முடியும்வரை நாற்காலியிலிருந்து எழவில்லை. முடிந்ததும், இதை மெல்பர்னுக்கு ஒன்று, இங்கே ஒன்று, உங்க வீட்டில் ஒன்று என்று மூன்று நகலாகப் போட்டுத்தர முடியுமா தம்பி என்று கேட்டார். சாயங்காலம் தேக்கா பக்கம் போனவர் இரண்டு தம்ப் டிரைவ் வாங்கிவந்து கொடுத்தார்.